கை, கால், வாய் நோய் எந்த வைரஸால் வருகிறது? ஒரே குழந்தைக்கு ஏன் மறுபடியும் வருகிறது?

ஒரு தாய் கேட்டிருந்த கேள்வி இது. மூன்று வயது மகனுக்குப் போன வருடம் கை, கால், வாய் நோய் வந்தது. உள்ளங்கையில் சில கொப்புளங்கள், வாயில் புண், இரண்டு நாள் காய்ச்சல். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. இந்த வருடம் மறுபடியும் வந்திருக்கிறது. இந்தத் தடவை கொப்புளங்கள் பெரிது பெரிதாக பிட்டம், முழங்கால், வாயைச் சுற்றி என்று எல்லா இடத்திலும். ஒரு மருத்துவர் காக்ஸாகி வைரஸ் என்றாராம், இன்னொருவர் எண்டரோவைரஸ் என்றாராம். "இரண்டில் எது சரி? ஒரு தடவை வந்தால் அப்புறம் வராது என்றுதானே நினைத்தோம்? எந்த வைரஸ் என்று சோதித்துப் பார்க்க வேண்டாமா? வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை வேறு இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு மருத்துவர்கள் சொன்னதும் சரிதான். எண்டரோவைரஸ் என்பது ஒரு பெரிய குடும்பம், காக்ஸாகி அதில் ஒரு கிளை. இந்த நோயைத் தனியொரு வைரஸ் உண்டாக்குவதில்லை. ஏறத்தாழ இருபது வைரஸ்கள் இதே மாதிரியான கொப்புளங்களை உண்டாக்கக்கூடியவை. ஒன்றுக்கு எதிராக உடம்பு சம்பாதித்த எதிர்ப்பு இன்னொன்றிடம் பெரிதாகச் செல்லுபடியாகாது. அதனால்தான் மறுபடி வருகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு எந்த வைரஸ் என்று கண்டுபிடித்தாலும் மருத்துவம் மாறப்போவதில்லை, ஆகவே சோதனை தேவைப்படுவதில்லை. ஆனால் இந்தக் கூட்டத்தில் எண்டரோவைரஸ் ஏ71 என்ற ஒன்றுதான் மூளையைத் தாக்கும் குணம் அதிகம் கொண்டது. கொப்புளத்தைப் பார்த்து அதை அடையாளம் காண முடியாது. குழந்தையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். மற்றதெல்லாம் இதைப் புரிந்துகொள்ள உதவும் விவரங்கள்.

முதலில் அந்தக் குடும்பத்தைப் பற்றி. பிகோர்னா வைரஸ்கள் என்று ஒரு பெரும் வகை உண்டு. அதில் அடங்கியதுதான் எண்டரோவைரஸ் இனம். போலியோ வைரஸும் இதே இனம்தான். சாதாரண சளியை உண்டாக்கும் ரைனோவைரஸும் இதே இனம்தான். கை, கால், வாய் நோயை உண்டாக்குபவை பெரும்பாலும் இந்த இனத்தில் 'ஏ' என்று குறிக்கப்படும் பிரிவைச் சேர்ந்தவை. ஒவ்வொரு வைரஸும் சுமார் 30 நானோமீட்டர் அளவுள்ள ஒரு புரத உருண்டை. உள்ளே ஏறத்தாழ 7,400 எழுத்துகள் நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ இழை. அவ்வளவுதான். இன்ஃபுளூயன்சா, கொரோனா வைரஸ்களுக்கு இருப்பதுபோல் கொழுப்பாலான மேலுறை இவற்றுக்குக் கிடையாது.

மேலுறை இல்லாததைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த நோய் நடந்துகொள்ளும் விதத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. கொழுப்புறை கொண்ட வைரஸ்களை வயிற்று அமிலமும் பித்தநீரும் சிதைத்துவிடும். உறையில்லாத இந்த உருண்டை அதையெல்லாம் கடந்து குடலுக்குப் போய்ச் சேரும், மலத்தில் உயிர்ப்போடு வெளியே வரும், பொம்மையிலும் மேசையிலும் கதவுப்பிடியிலும் பல நாள் தாக்குப்பிடிக்கும். ஆல்கஹால் சானிடைசர் கொழுப்புறையைக் கரைத்து வைரஸைக் கொல்கிறது. கரைக்க உறையே இல்லாத இவற்றிடம் அது சரியாக வேலை செய்வதில்லை. கொரோனா காலத்துப் பழக்கத்தில் பலர் சானிடைசரைத் தேய்த்துவிட்டுப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த நோயைப் பொறுத்தவரை சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். வைரஸ் கொல்லப்படாவிட்டாலும் தோலிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும்.

காக்ஸாகி என்பது அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிற்றூர். 1947ஆம் ஆண்டு கோடையில் அங்கே போலியோ போன்ற பக்கவாதம் கண்ட குழந்தைகளின் மலத்தை கில்பர்ட் டால்டார்ஃப், கிரேஸ் சிக்கிள்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். தேடியது போலியோவை. பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டிகளுக்குள் அந்த மாதிரியைச் செலுத்தியபோது குட்டிகளுக்குக் கைகால் செயலிழந்தது. வளர்ந்த எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போலியோ வைரஸ் அப்படி நடந்துகொள்ளாது. 1948இல் புதிய வைரஸ் என்று அறிவித்தார்கள். அப்புறம் இதே மாதிரி வைரஸ்கள் வரிசையாகக் கிடைத்தன. எலிக்குட்டியின் தசைகள் தளர்ந்துபோனால் 'ஏ' பிரிவு, விறைத்துப்போனால் 'பி' பிரிவு என்று அன்றைக்குப் பிரித்தார்கள். ஏ16, ஏ6, பி3 என்று இன்றும் சொல்கிறோமே, அந்த எழுத்துகள் இந்த எலிக்குட்டிகளிடமிருந்து வந்தவை. வைரஸ் பச்சிளம் குட்டிகளை மட்டும் தாக்கியது என்பதையும் கவனியுங்கள். மனிதர்களிலும் இந்த நோய் ஐந்து வயதுக்குக் கீழ் இருப்பவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது.

1957இல் கனடாவின் டொரண்டோ நகரில் குழந்தைகளிடையே வாய்ப்புண்ணும் கைகால் கொப்புளங்களும் பரவின. அதிலிருந்து காக்ஸாகி ஏ16 பிரித்தெடுக்கப்பட்டது. 1959இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இதே நோய் பரவியபோது, அதைப் பற்றி எழுதிய மருத்துவர்கள் கை, கால், வாய் நோய் என்ற பெயரைப் பயன்படுத்தினார்கள். அது நிலைத்துவிட்டது. மாடுகளுக்கு வரும் கோமாரியை உண்டாக்குவதும் பிகோர்னா வைரஸ்தான் என்றாலும் அது வேறு இனம். மாட்டிடமிருந்து குழந்தைக்கோ, குழந்தையிடமிருந்து மாட்டுக்கோ இது தொற்றாது. 2022இல் கேரளத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பரபரப்பாகப் பேசப்பட்டதும் பெரும்பாலும் இதே நோய்தான். அங்கே போய்விட்டு இங்கிலாந்து திரும்பிய இரண்டு குழந்தைகளைச் சோதித்தபோது கிடைத்தது காக்ஸாகி ஏ16. பயமுறுத்தும் புதுப் பெயர் வந்ததே தவிர, புது வைரஸ் எதுவும் வரவில்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஏ16தான் பழைய, பாடப்புத்தகக் காரணம். தொற்றி மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல் தொடங்கும், அதிகமாக இருக்காது. குழந்தை சாப்பாட்டைத் தள்ளும். ஒன்றிரண்டு நாளில் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சிவந்த புள்ளிகள் தோன்றி, நடுவில் மஞ்சளாகக் குழிந்து புண்ணாகும். கைகால் கொப்புளங்களுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. சின்னம்மைக் கொப்புளம்போல் உருண்டையாக இருக்காது. சாம்பல் நிறத்தில், அரிசிமணிபோல் நீள்வட்டமாக, உள்ளங்கை ரேகைகளின் போக்கிலேயே படுத்திருக்கும். சுற்றிலும் மெல்லிய சிவப்பு விளிம்பு. விரல்களின் பக்கவாட்டையும் குதிகாலின் ஓரத்தையும் விளக்கை அருகில் வைத்துப் பாருங்கள், அங்கேதான் முதலில் தெரியும். பெரும்பாலும் அரிப்பு இருக்காது, பொருக்குத் தட்டாது, ஏழு முதல் பத்து நாளில் தழும்பில்லாமல் மறையும். போன வருடம் உங்கள் மகனுக்கு வந்தது இந்த மாதிரி ஒன்றாக இருந்திருக்கலாம்.

இந்த வருடம் வந்திருப்பது பெரும்பாலும் ஏ6 என்று நினைக்கிறேன். ஆய்வகச் சோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்லும் தோற்றம் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. 2008வரை ஏ6 பெரிதாகப் பேசப்படாத வைரஸ். தொண்டையில் மட்டும் புண் வரும் ஹெர்ப்பாஞ்சினா என்ற நோயோடுதான் அதன் பெயர் அடிபடும். 2008இல் ஃபின்லாந்தில் கை, கால், வாய் நோய் பரவியது. முடிந்து சில வாரங்களில் குழந்தைகளின் நகங்கள் கழன்று விழ ஆரம்பித்தன. தேடிப் பார்த்தபோது ஏ6 கிடைத்தது. உதிர்ந்த நகத்திலும் அந்த வைரஸின் தடயம் இருந்தது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் சிங்கப்பூர், தைவான், ஜப்பான், ஸ்பெயின், அமெரிக்கா என்று பல நாடுகளில் பரவியது. இன்றைக்குப் பல நாடுகளில் இந்த நோய்க்கு முதன்மையான காரணம் ஏ6தான்.

அதன் போக்கே வேறு மாதிரி. காய்ச்சல் கூடுதலாக இருக்கும். கொப்புளங்கள் பெரிதாக இருக்கும், சில இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய நீர்க்கொப்புளமாகும். உள்ளங்கை, உள்ளங்காலோடு நிற்காமல் முழங்கை, முழங்கால், பிட்டம், வாயைச் சுற்றி, சில சமயம் முதுகுவரை போகும். கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தைக்கு, ஏற்கெனவே கரப்பான் இருந்த முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கொத்துக் கொத்தாக வரும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். பெரியவர்களையும் விட்டுவைக்காது. உள்ளங்காலில் கொப்புளம் வந்து நடக்க முடியாமல் வருகிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இந்த நகம். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நோயை எல்லோரும் மறந்துவிட்ட பிறகுதான் இது வரும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் விரல் நுனியிலும் பாதத்திலும் தோல் உரியும். மூன்று முதல் எட்டு வாரத்தில் நகத்தின் அடிப்பகுதியில் குறுக்கே ஒரு பள்ளம் தெரியும். நகம் அங்கே விட்டுப்போய், அடியிலிருந்து புது நகம் முளைத்துப் பழையதை முன்னால் தள்ளும். குழந்தைக்கு வலிக்காது. நோயின்போது நகம் உண்டாகும் இடத்தில் வளர்ச்சி கொஞ்ச நாள் நின்றுபோனதன் அடையாளம் அது. சத்துக் குறைவு என்றும் பூஞ்சை என்றும் நினைத்து மருந்து போடுகிறார்கள். ஒன்றும் தேவையில்லை. தொங்கும் நகம் துணியில் மாட்டாமல் வெட்டிவிட்டால் போதும். சில மாதங்களில் முழு நகம் வந்துவிடும்.

பார்ப்பதற்கு இவ்வளவு மோசமாக இருந்தாலும் ஏ6 பெரும்பாலும் ஆபத்தில்லாமல் போய்விடுகிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெற்றோரின் பயம் கொப்புளங்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறுகிறது. ஆபத்தோ அதோடு சேர்ந்து ஏறுவதில்லை.

ஆபத்து இருப்பது எண்டரோவைரஸ் ஏ71இல். 1969இல் கலிஃபோர்னியாவில் மூளைக்காய்ச்சல் கண்ட ஒன்பது மாதக் குழந்தையிடமிருந்து இது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. 1975இல் பல்கேரியாவிலும் 1978இல் ஹங்கேரியிலும் பரவி, இரண்டு நாடுகளிலும் பல குழந்தைகள் இறந்தார்கள். பக்கவாதம் கண்டதால் பல்கேரியாவில் முதலில் போலியோ என்றே சந்தேகித்தார்கள். அப்புறம் 1997இல் மலேசியாவின் சரவாக். 1998இல் தைவானில் வந்த அலையில் கண்காணிப்பில் இருந்த மருத்துவர்கள் மட்டும் 1,29,106 பேருக்கு நோய் கண்டதாகத் தெரிவித்தார்கள்; 405 பேருக்குக் கடுமையான சிக்கல்கள், 78 பேர் இறப்பு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அந்த அலையில் ஏ16உம் ஏ71உம் ஒரே நேரத்தில் ஊருக்குள் இருந்தன. இரண்டு குழந்தைகளின் உள்ளங்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

2008இல் சீனாவின் ஃபூயாங் நகரில் குழந்தைகள் இறக்கத் தொடங்கியதும் அந்த நாடு இந்த நோயைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. 2008 முதல் 2012 வரை சுமார் 72 லட்சம் பேருக்கு நோய் பதிவானது. 2,457 பேர் இறந்தார்கள். ஆய்வகத்தில் உறுதியானவற்றில், லேசாக வந்து போனவர்களில் ஏ71இன் பங்கு 45 விழுக்காடு. இறந்தவர்களில் அதன் பங்கு 93 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏ71 தொற்றிய குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே ஒரு வாரத்தில் எழுந்து விளையாடினார்கள். ஆனால் ஒரு குழந்தை இந்த நோயால் இறந்தால் காரணம் ஏறக்குறைய எப்போதும் அதுதான்.

ஏன் இந்த வேறுபாடு? இந்த நோயை உண்டாக்கும் வைரஸ்கள் எல்லாம் பெரும்பாலும் வாய் வழியாக நுழைந்து, தொண்டையிலும் குடலிலும் உள்ள நிணநீர்த் திசுக்களில் பெருகி, ரத்தத்தில் கலந்து, தோலுக்கும் வாய்க்கும் வருகின்றன. ஏ71 அதோடு நிற்பதில்லை. செல்லுக்குள் நுழைய அது பயன்படுத்தும் ஸ்கார்ப்2 என்ற புரதம் நரம்பு செல்களிலும் இருக்கிறது. ஆனால் ஏ16உம் இதே புரதத்தைத்தான் பயன்படுத்துகிறது, ஆகவே அந்த ஒன்று மட்டும் முழு விளக்கம் ஆகாது. ஏ6உம் ஏ10உம் கிரெமன்1 என்ற வேறொரு வாசலைப் பயன்படுத்துகின்றன. ஏ71 நரம்புகள் வழியாக ஏறி மூளைத்தண்டை அடைகிறது. மூச்சையும் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் நம்மை அறியாமல் நடத்திக்கொண்டிருக்கும் இடம் அது. அங்கே அழற்சி வந்தால் உடம்பின் அனிச்சை நரம்புகள் கட்டுப்பாடிழந்து, ரத்த அழுத்தம் தாறுமாறாகி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இந்தக் கட்டம் வந்துவிட்டால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும். அதற்கு முன்னால் சில அறிகுறிகள் வரும், அவற்றைப் பிடிக்க வேண்டும்.

அவற்றில் மிக முக்கியமானது தூக்கத்தில் தூக்கிப்போடுவது. குழந்தை கண் அயரும் நேரத்தில், யாரோ திடீரென்று சத்தம் போட்டதுபோல் இரண்டு கைகளும் கால்களும் வெட்டி இழுக்கும். விழித்து மிரண்டு பார்த்து, மறுபடி தூங்கப்போகும். சில நிமிடத்தில் மறுபடியும். எப்போதாவது ஒரு தடவை திடுக்கிடுவது எல்லாக் குழந்தைக்கும் உண்டு, அது வேறு. இது திரும்பத் திரும்ப வரும், முழித்திருக்கும்போதும் வரலாம். நோய் தொடங்கிய இரண்டாவது நாளிலிருந்து ஐந்தாவது நாள்வரை, குழந்தை தூங்க ஆரம்பிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். கொப்புளங்களை எண்ணுவதைவிட இது ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

இதோடு, 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டி நிற்பது, தொடர்ந்து வாந்தி எடுப்பது, கூப்பிட்டால் நிமிராமல் சோர்ந்து கிடப்பது, நடக்கும்போது தள்ளாடுவது, ஒரு பொருளை எடுக்கும்போது கை நடுங்குவது, ஒரு கையோ காலோ வலுவிழப்பது, காய்ச்சல் இல்லாதபோதும் மூச்சு வேகமாக இருப்பது, கைகால் சில்லிட்டு வியர்த்து நிறம் மாறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம், குழந்தைகளுக்கான அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போனதும் "தூக்கத்தில் தூக்கிப்போடுகிறது" என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்; பரிசோதிக்கும் ஐந்து நிமிடத்தில் மருத்துவர் கண்ணில் அது படாமல் போகலாம். கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. மூன்று வயதுக்குட்பட்டவர்களிடம்தான் இந்தச் சிக்கல்கள் அதிகம். ஏ71 தொற்றியும் கொப்புளமே வராமல் நேராக மூளைக்காய்ச்சலோடு வரும் குழந்தைகளும் உண்டு.

ஏ10 பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், ஏ16க்கும் ஏ6க்கும் இடைப்பட்ட தோற்றம், அவ்வப்போது சில நாடுகளில் தலைதூக்கும். ஏ4, ஏ5, பி பிரிவில் சில, எண்டரோவைரஸின் இன்னொரு கிளையான எக்கோ வைரஸ்களில் சில என்று பட்டியல் நீளும். நடைமுறையில் பெற்றோருக்கு அவற்றைப் பிரித்தறிய வேண்டிய தேவையில்லை.

இனி, ஏன் மறுபடி வருகிறது என்ற கேள்வி. வைரஸின் புரத உருண்டை நான்கு வகைப் புரதங்களால் ஆனது. அவற்றில் விபி1 என்பதுதான் வெளியே அதிகம் தெரிவது. நம் உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) பெரும்பாலும் அதன் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும்படி அமைகின்றன. ஏ16இன் விபி1 வேறு, ஏ6இன் விபி1 வேறு. முதலாவதைப் பிடிக்கும் ஆன்டிபாடி இரண்டாவதைக் கண்டுகொள்ளாது. ஒரு வைரஸால் வந்து குணமான பிறகு அதே வைரஸிடமிருந்து நல்ல பாதுகாப்பு இருக்கும். மற்றவற்றிடமிருந்து கிடைத்தாலும் கொஞ்ச காலத்துக்கே. உங்கள் மகனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்று நினைத்துக் கவலைப்படாதீர்கள், சத்து மருந்துகளில் பணத்தைப் போடாதீர்கள். அவனுடைய உடம்பு முதல் வைரஸுக்கு எதிராகச் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறது. வந்திருப்பது வேறொன்று. மூன்றாவது தடவை வந்தாலும் அதே விளக்கம்தான். பள்ளி வயதுக்குள் இவற்றில் பலவற்றை உடம்பு சந்தித்து முடித்துவிடும், அதில் பாதி நமக்குத் தெரியாமலேயே நடந்துவிடும்.

இந்த வைரஸ்கள் இதோடு நிற்பதுமில்லை. இவைபோன்ற ஆர்.என்.ஏ வைரஸ்கள் நகலெடுக்கும்போது பிழைகள் அதிகம், இவற்றுக்குத் திருத்தும் ஏற்பாடு கிடையாது. ஒரே குழந்தையின் குடலில் இரண்டு எண்டரோவைரஸ்கள் சந்தித்தால் ஆர்.என்.ஏ துண்டுகளை மாற்றிக்கொள்ளவும் செய்யும். 2008க்குப் பிறகு ஏ6 உலகம் சுற்றியதற்கு இப்படி உருவான புதிய வடிவங்களும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றன.

சோதனை பற்றிக் கேட்டீர்கள். தொண்டைச் சளி, மலம், கொப்புளநீர் இவற்றில் ஒன்றை எடுத்து பி.சி.ஆர் செய்தால் எண்டரோவைரஸ் இருப்பது தெரியும். விபி1 பகுதியின் வரிசையைப் படித்தால் எந்த வகை என்றும் தெரியும். மூளை, இதயம், நுரையீரல் சிக்கல் வந்த குழந்தைக்கும், ஓர் ஊரில் நோய் பரவும்போது எந்த வைரஸ் நடமாடுகிறது என்று சுகாதாரத் துறை தெரிந்துகொள்வதற்கும் இது அவசியம். வீட்டில் பால் குடித்து விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் தேவையில்லை. முடிவு வருவதற்குள் நோயே முடிந்துவிடும். மருத்துவர் நேரில் பார்த்து மற்ற நோய்களிலிருந்து பிரித்தறிவதுதான் முக்கியம். சின்னம்மை உடம்பின் நடுப்பகுதியில் தொடங்கி அரித்துப் பொருக்குத் தட்டும். ஹெர்ப்பஸ் வாய்ப்புண்ணில் ஈறு வீங்கி ரத்தம் கசியும், கைகாலில் ஒன்றும் இருக்காது. ஹெர்ப்பஸுக்குத் தரும் ஏசைக்ளோவிர் எண்டரோவைரஸில் வேலை செய்யாது, ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான்.

மருத்துவம் என்றால் வலியைக் குறைப்பதும் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதும்தான். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்து, அரை மணி கழித்து, வலி அடங்கியிருக்கும் நேரத்தில் குளிர்ந்த நீர் ஆகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பசியோடு பால் பாட்டிலை வாங்கி, ஒரு வாய் உறிஞ்சியதும் வீறிட்டுத் தள்ளிவிடும் குழந்தைக்குப் பசியின்மை இல்லை, உறிஞ்சும்போது புண் எரிகிறது. கிண்ணத்திலோ கரண்டியிலோ கொடுத்தால் குடித்துவிடும். புளிப்பு, காரம், சூடு வேண்டாம். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. ஸ்டீராய்டு பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். 2012இல் கம்போடியாவில் இனம் தெரியாத நோயால் 50க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் இறந்தார்கள். பலரிடம் ஏ71 கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் கணிசமானவர்களுக்கு முன்னதாக ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டிருந்தது, அது நிலைமையை மோசமாக்கியிருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தது. காய்ச்சலைச் சீக்கிரம் இறக்க ஓர் ஊசி என்று யாராவது சொன்னால், அதில் என்ன மருந்து என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

தடுப்பூசி ஏ71க்கு மட்டும் இருக்கிறது. செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு தயாரித்த தடுப்பூசிக்கு 2015 டிசம்பரில் சீனா முதல் அனுமதி கொடுத்தது. ஏ71 தரும் நோயைத் தடுப்பதில் அவற்றின் திறன் பெரிய சோதனைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. ஏ16க்கும் ஏ6க்கும் எதிராக அவை ஒன்றும் செய்வதில்லை, எனவே போட்ட குழந்தைக்கும் கொப்புளம் வரலாம். ஆனால் உயிரைப் பறிக்கும் வைரஸைத் தடுக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. உலகின் பெரும்பாலான நாடுகளில் இன்னும் கிடைப்பதில்லை. பல வகைகளுக்கும் சேர்த்து ஒரே ஊசி தயாரிக்கும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன.

கடைசியாகக் கைக்குழந்தை. பிறந்து முதல் சில மாதம் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடிகள் ஓரளவு காக்கும். எட்டு மாதத்தில் அவை பெரும்பாலும் தீர்ந்திருக்கும், ஆகவே கவனம் தேவைதான். மூத்தவனின் எச்சில், மூக்குச்சளி, கொப்புளநீர், மலம் எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கிறது. முதல் வாரத்தில் தொற்றும் வேகம் அதிகம். தொண்டையிலிருந்து ஒன்று முதல் மூன்று வாரமும், மலத்தில் பல வாரங்களும் வெளியேறிக்கொண்டே இருக்கும். காய்ச்சல் நின்று, கொப்புளங்கள் காய்ந்து, ஜொள்ளு வடிவதும் குறைந்தால் அவன் பள்ளிக்குப் போகலாம். மலத்தில் வைரஸ் முழுவதும் நிற்கும்வரை யாரையும் வீட்டில் வைத்திருக்க முடியாது. அதனால் அவனைக் கழுவிவிட்ட பிறகும், டயப்பர் மாற்றிய பிறகும், சின்னவனுக்கு ஊட்டுவதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தை நோய் போன பிறகும் ஒன்றரை, இரண்டு மாதம் விடாதீர்கள். டம்ளர், கரண்டி, துண்டு தனித்தனியாக இருக்கட்டும். இருவரும் வாயில் வைக்கும் பொம்மைகளைச் சோப்பு நீரில் கழுவி, அப்புறம் நீர்த்த பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து அலசுங்கள். கொப்புளங்களைக் குத்த வேண்டாம்.

இவ்வளவு செய்தும் சின்னவனுக்கு வர வாய்ப்பு இருக்கிறது. மூத்தவனுக்குக் கொப்புளம் தெரிவதற்கு முந்தைய நாட்களிலேயே அவனுக்குத் தொற்றியிருக்கலாம். வந்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். புண் எரிவதால் நீண்ட நேரம் குடிக்க மாட்டான், குறைந்த நேரம் அடிக்கடி கொடுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த இரண்டாவது நாளிலிருந்து ஐந்தாவது நாள்வரையான தூக்கக் கவனிப்பு பெரியவனைவிடச் சின்னவனுக்குத்தான் அதிகம் தேவை.